கடலைக்கு நடுவே துவரை

ஐப்பசி மழைக்கு முன்னால் வேர்க்கடலை பறிக்க வந்த டிராக்டர், திருக்கழுக்குன்றத்தை அடுத்த அக்காவின் நிலத்து ஓரத்தில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஓட்டுநர் இறங்கவே இல்லை. "இன்னாண்ணாத்த, கடலை எடுக்கக் கூப்டியா, துவரைய அழிக்கக் கூப்டியா?" என்று மாமாவைக் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மாமா என்றால் அக்காவின் கணவர். மண்ணில் ஒரு சாண் இடம் சும்மா கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கடலையோடு துவரை போடுவது எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். ஆனால் வரிசை பிடித்துப் போடுவார்கள், இயந்திரம் போக வழி இருக்கும். பறிக்க ஆள் கிடைக்காத காலம் என்பதால், "இந்த வருசம் வெறும் கடலைதான். இதுவும் போச்சுன்னா பிளாட் போடறவன்கிட்ட குட்துடுவேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்த நிலம், சொன்னால் செய்வாள். மாமாவும் பெரிய மனிதர் போலத் தலையாட்டினார். விதைப்பு முடிந்து அவள் வீட்டுக்குப் போனதும், மடியில் துவரையைக் கட்டிக்கொண்டு போய்க் கண்ட இடத்தில் ஊன்றியிருக்கிறார். முளைத்ததும், "போன வருசம் கொட்னது, அதுவா வந்துகினு கீது" என்று ஒரு பொய். பூ வைத்த செடியைப் பிடுங்கவும் விடவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பாதிக் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துப் போனது. அக்கா கத்தவில்லை. நிலத்தின் நடுவே வரப்புப் போட்டு, "அந்தாண்ட நீ இன்னா வோணா போடு. இந்தாண்ட கால வெக்காத" என்றாள். மழை விட்டதும் தன் பக்கம் மறுபடியும் கடலை விதைத்தாள்; மாமா பக்கம் துவரை நின்றது. அதன்பிறகு நிலத்துப் பேச்சு எல்லாம் என் வழியாகத்தான். ஞாயிறுதோறும் செங்கல்பட்டு வரை ரயில், அப்புறம் பஸ் என்று வந்து சேர்ந்து, ஒரே வீட்டின் கூடத்துக்கும் சமையலறைக்கும் தூது போவது என் தலையெழுத்து.

போன ஞாயிறு, அக்கா சொல்லி அனுப்பிய பிளாட்காரர் வந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாதி எங்க வூட்டுக்காரருது. அவராண்ட கேளு."

துவரைக்குள் நின்ற மாமா, "எனக்கு ஏது நெலம்? எல்லாம் அவுளுது" என்றார்.

பிளாட்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் சலித்துக்கொண்டு அக்காவின் பாதியில் குறுக்கே நடக்கத் தொடங்க, மாமா வரப்பில் பாய்ந்து ஏறினார்.

"யோவ், கடலைய மிதிக்காத!"

மழைக்குக் கடலையை வாரிக் கொடுத்த அதே மனிதர்! அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாமாவ சாப்டக் கூப்டுடா" என்றாள் என்னிடம்.

"நீயே கூப்புடு" என்றேன்.