எண்ணாமல் விட்ட நிமிடங்கள்

என் மச்சினன் கிணற்றுக்கு முப்பத்தெட்டுப் படிகள். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் இருக்கும் அவன் தோட்டத்துக்கு நானும் என் மனைவியும் எப்போது போனாலும் அந்தப் படிகளை ஒரு தடவை எண்ணுவேன். "கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா மாமா?" என்று கேட்பான்.

போன சித்திரையில் கிணற்றைத் தூர்வார முடிவு செய்தான். அடியில் கிடந்த தண்ணீரை முதலில் இறைக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் டீசல் எஞ்சின் இருந்தது. அதை மேலே வைத்து ஓட்டினால் தண்ணீர் ஏறவில்லை. நான் கணக்குப் போட்டேன். எஞ்சினுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருபத்தைந்து அடிக்கு மேல் போனால் இழுக்காது. இருபத்திரண்டாம் படிக்குப் பக்கத்தில் ஒரு மேடை இருக்கிறது, அங்கே இறக்குங்கள் என்றேன். இறக்கினார்கள். தண்ணீர் ஏறியது. "மாமா கணக்குன்னா கணக்குதான்" என்றான் மச்சினன்.

கணக்கு சரிதான். புகை எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எஞ்சினை நிறுத்த இறங்கினான். நிறுத்தினான். மேடையில் உட்கார்ந்தான். பிறகு அப்படியே சாய்ந்துவிட்டான்.

எஞ்சின்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கண்ணே, கண்ணு முன்னால கெடக்கான்."

"நீயும் விழுந்தா ரெண்டாயிரும் தம்பி."

விடவில்லை. வேப்பங்குழைகளைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் ஏற்றி ஏற்றி இறக்கினோம், காற்று கலையட்டும் என்று. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். அதன் பிறகுதான் அவர் இடுப்பில் கயிற்றோடு இறங்கி அவனைத் தூக்கி வந்தார்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, எத்தனை நிமிஷம் மயங்கிக் கிடந்தார் என்பது. எஞ்சின் புகை ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற இடம் கொடுக்காதாம். மூளை அதைச் சேமித்து வைக்கிற உறுப்பும் இல்லை. வரத்து அடியோடு நின்றால் நாலைந்து நிமிடத்தில் செல்கள் சாக ஆரம்பிக்கும் என்றார். எஞ்சின்காரர், "ரெண்டு நிமிசம் இருக்கும்" என்றார். தூர்வார வந்திருந்த ஆள் கால் மணி நேரம் என்றார். என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எண்ணலையா?"

எண்ணவில்லை.

அடுத்த மாதம் எஞ்சின்காரரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அவர் இறங்கப் போனார், நான் சட்டையைப் பிடித்தேன். குழை, குடம், கயிறு. மொத்தம் ஒன்பது நிமிடம். அதில் அவரை நான் இறங்க விடாமல் வைத்திருந்தது ஆறு. டாக்டரம்மாவிடம் சொன்னேன். விட்டிருந்தால் இரண்டு பிணம் வந்திருக்கும் என்றார். இருக்கலாம். ஆறு ஆறுதான்.

மச்சினன் பிழைத்தான். பழையதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவன் கல்யாணத்துக்கு நான் முகூர்த்தம் முடிந்து வந்தது உட்பட. காலையில் தின்றது ஞாபகம் இல்லை. புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கும் பகுதிதான் முதலில் அடிபடுமாம். மூன்று வார்த்தை சொல்லுங்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேளுங்கள், வாரம் ஒரு தடவை எழுதி வையுங்கள் என்றார் டாக்டரம்மா. வண்டி, பூசணி, சாவி. ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவியோடு பஸ் ஏறிப் போனேன். இருபத்திரண்டு ஞாயிறு. இருபத்திரண்டு பூஜ்யம்.

இருபத்து மூன்றாவது ஞாயிறும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"சொல்லு மாப்ள, மூணு வார்த்தை."

"என்ன வார்த்தை?"

பூஜ்யம் போட்டேன்.

"போன வாரமும் இதே நோட்டத் தூக்கிக்கிட்டுத்தான வந்தீங்க? ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா மாமா?"

நான் பேனாவை மூடவில்லை. "போன வாரம் எங்க உக்காந்திருந்தேன்?"

"மழைன்னு உள்ள வந்து கட்டில்ல உக்காந்தீங்க. ஈரத்தோட."

உண்மைதான். ஈரத்தோடு.

"அந்தப் பூஜ்யத்த அடிங்க" என்றாள் மனைவி. மூன்று வார்த்தையில் ஒன்றுகூட அவன் சொல்லவில்லை, டாக்டரம்மா சொன்ன முறைப்படி பூஜ்யம்தான் என்றேன். அடிக்கவில்லை. பக்கத்தில் 'கட்டில்' என்று எழுதினேன். இடம் இருந்ததால் 'ஈரம்' என்றும் எழுதினேன்.