இடது கதவு இஸோகாய்

இருபத்திரண்டு வருஷம் எனக்கும் இஸோகாய்க்கும் நடுவே எப்போதும் ஒரு வண்டி நின்றது. ஒன்று நகர்ந்தால் அடுத்தது வந்துவிடும். நான் வலது கதவு மாட்டுகிறவன், அவன் இடது கதவு. அவன் முகத்தை நான் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாகத்தான்.

ஓட்டுகிறவர் உட்காருவது வலது பக்கம். ஆகவே என் கதவுதான் முக்கியமான கதவு என்று அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூட அவன் ஒப்புக்கொண்டதில்லை.

"ஓட்டுறவன் நனைஞ்சா அது அவன் தலையெழுத்து. பக்கத்துல உட்கார்றவங்க என்னய்யா பாவம் பண்ணாங்க?" என்பான்.

இப்படி அவன் பேசுவதற்குக் காரணம் அவன் பெண்டாட்டி ஃபுமியே. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் கம்பெனியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ஹயாசே கம்பெனி முதலில் செய்தது கார் இல்லை, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் கைப்பம்பு. போர் முடிந்த பிறகு ஜப்பானில் பம்பு வாங்க யாரிடமும் காசில்லை. பெரியவர் ஹயாசே மூன்று சக்கரத்தின் மேல் ஓர் இஞ்சினை ஏற்றி வைத்து, அதற்கு வண்டி என்று பெயரும் வைத்துவிட்டார். முள்ளங்கி, மீன் பெட்டி, சாக்கே மதுப் பீப்பாய், கல்யாணப் பெண் எல்லாம் அதில்தான் போயின. ஏற்றம் வந்தால் வண்டி நின்றுவிடும். "ஹயாசே வாங்கினா, கட்டி இழுக்க ஒரு கயிறும் சேத்து வாங்கு" என்று நகசே ஊரே சிரித்தது.

எங்கே வண்டி நின்றதாகக் கேள்விப்பட்டாலும் பெரியவர் சைக்கிளில் கருவிப் பெட்டியோடு போவார். சரி செய்வார், இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்பார், திரும்பி வருவார். அப்படிப் போய்ப் போய் முட்டி தேய்ந்த ஒரு நாளில்தான் எங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்: "நிக்கிற வண்டி நம்ம வீட்டுலயே நிக்கட்டும். ஜனங்க நடுவழியில நிக்க வேணாம்." மறுநாள் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. குறை கண்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் வேலை வரிசை முழுக்க நின்றுவிடும். ஓடி வருகிற மேஸ்திரி முதல் வார்த்தையாக "நன்றி" சொல்ல வேண்டும். திட்டுவதாக இருந்தால் அதற்கு அப்புறம்தான்.

எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிய, ஒவ்வொரு பகுதிக்கும் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு. கதவுப் பகுதியான எங்களுக்குக் கிடைத்தது முன்னோர்களை நினைத்து ஊரே கூடி ஆடும் போன் திருவிழாவின் நடன மெட்டு. ஊருக்கெல்லாம் அது ஆகஸ்டில் மூன்று நாள். எங்களுக்குத் தினமும் இரண்டு வேளை, இஸோகாய் புண்ணியத்தில். மற்றவர்கள் மாசத்துக்கு ஒருமுறை இழுத்தால் அதிகம். திருவிழாவில் அந்த மெட்டு ஆரம்பித்ததும் பிள்ளைகள் எல்லாம் "இஸோகாய் இழுத்துட்டாரு!" என்று கத்துவார்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். குனிந்து வணக்கம் சொல்வான்.

கயிறு தொங்க ஆரம்பித்து இருபது வருஷத்தில் கேலி திசை மாறியது. "ஹயாசே வண்டி வெச்சிருக்கறவன் உயில் எழுதி வெச்சுட்டுத்தான் சாகணும், வண்டி பேரன் வரைக்கும் ஓடும்" என்று டாக்ஸிக்காரர்கள் சொன்னார்கள். எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

இனி ஃபுமியே. ஐம்பத்தேழாம் வருஷம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணப் பெண்ணாக, வாடகைக்கு எடுத்த ஹயாசே மூன்று சக்கர வண்டியில் வந்தாள். கணவாயில் மழை பிடித்துக்கொண்டது. வண்டி அதிசயமாக நிற்கவில்லை. ஆனால் இடது கதவு ஒழுகியது. கறுப்புப் பட்டுக் கிமோனோ, விளிம்பில் வெள்ளைக் கொக்குகள். உள்துணியின் சிவப்புச் சாயம் ஊறி, மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கும்போது கொக்கெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தன. கூடியிருந்தவர்களில் ஒருத்தி, "புது மாதிரியா இருக்கே, எந்தக் கடை?" என்று கேட்டே விட்டாள்.

நாலாம் நாள் இஸோகாய் சண்டை போடக் கம்பெனிக்குப் போனான். பெரியவர் கேட்டார், குனிந்தார், பிறகு, "சரியான கதவு எப்படி இருக்கணும்?" என்றார். இவன் அரை மணி நேரம் விளக்கியிருக்கிறான்.

"அவ்வளவு தெரியுதுல்ல? நாளைக்கு ஏழு மணிக்கு வந்து நீங்களே மாட்டுங்க."

புகார் சொல்லப் போனவன் வேலையோடு திரும்பி வந்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களில் இவ்வளவு சந்தோஷமாக மாட்டிக்கொண்ட வேறொருவனை நான் பார்த்ததில்லை. ஃபுமியேதான் மசியவில்லை. "நனையாம இறங்குவேன்னு எனக்கே நம்பிக்கை வர்ற அன்னிக்குத்தான் அந்த வண்டியில ஏறுவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் போனாள். இஸோகாய் ஒரு ஹயாசே கார் வாங்கினான். அதன் இடது சீட்டில் அரிசி மூட்டை போனது, வெங்காயத்தாள் போனது, ஒரு சொட்டு நனையாமல் போனது. ஃபுமியே போகவில்லை.

எழுபத்தொன்பது அக்டோபரில் பத்து லட்சமாவது வண்டி வரிசையில் வந்தது. அதை ஓட்டி வெளியே கொண்டுவர ஒரு தொழிலாளி, பக்கத்தில் அவர் மனைவி. குலுக்கல் போட்டார்கள். இஸோகாய் பெயர் வந்தது. ஃபுமியே மூன்று நாள் யோசித்தாள். அந்த மூன்று நாளும் இவன் சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் காலை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முகமெல்லாம் பல்.

"ஏறுறேன்னுட்டா! ஒரே ஒரு தடவ. அந்தக் கொக்குக் கிமோனோவக் கட்டிக்கிட்டு!"

"அதையா? அந்தக் கறையோடயா?"

"கறை தெரியணும்கறதுக்குத்தான்யா."

விழா நாள். முதலில் அவன் இடது கதவை மாட்ட வேண்டும். பிறகு கை கழுவி, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வண்டியில் ஏற வேண்டும். எங்களுக்கு அப்புறம் இருப்பது சாவி கொடுக்கிற இடம் மட்டும்தான். அங்கே மேலே ஒரு பெரிய காகிதப் பந்து தொங்கியது, நூலை இழுத்தால் பிளந்து வண்ணக் காகிதம் கொட்டும். நூலைப் பிடித்துக்கொண்டு சின்னவர் ஹயாசே, பெரியவரின் மகன், நின்றார். பத்திரிகைக்காரர்கள், குடும்பங்கள், பம்பு காலத்தில் வேலை பார்த்த ஓய்வு பெற்ற அம்மாக்கள் எல்லாம் பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஃபுமியே, முதுகு நிமிர்த்தி, விளிம்பில் இளஞ்சிவப்புக் கொக்குகளோடு.

எங்கள் மேஸ்திரி கமதா காலையிலேயே வந்து இஸோகாயிடம் கெஞ்சினார்.

"இஸோகாய்-சான், இன்னிக்கு ஒரே ஒரு நாள் கைய பாக்கெட்டுல வெச்சுக்கோங்க."

"வெச்சுக்கறேன் கமதா-சான். கதவ பல்லால மாட்டட்டுமா?"

"விளையாடாதீங்க. கயித்த இழுத்தா விழா போச்சு. உங்க இடத்துல வேற ஆள உட்கார வெச்சுடுவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

வண்டி வந்தது. வெள்ளை வண்டி, அப்படி ஒரு பளபளப்பு. ஏன் பளபளக்காது? வரிசையின் முதல் ஆள் முதல் கடைசி ஆள் வரை ஒவ்வொருவரும் தன் வேலை முடிந்ததும் பாசத்தில் ஒரு தடவை கூடுதலாகத் துடைத்து அனுப்பியிருந்தார்கள். நானும் துடைத்தேன். காலையில் அது வர்ணப் பகுதியிலிருந்து வந்து நின்றபோது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போய், கதவு உட்காரும் விளிம்பை மெழுகுத் துணியால் நன்றாகத் தேய்த்துவிட்டு வந்தேன். அதுவும் இடது பக்கத்தில். ஃபுமியே உட்காரப் போகிற பக்கமாயிற்றே, மின்னட்டும் என்று.

நான் என் கதவை மாட்டினேன். இஸோகாய் அவன் கதவை மாட்டி, மூடினான். மூடினால் "தும்" என்று கேட்க வேண்டும். கேட்டது. என் காதுக்கு. அவன் மறுபடியும் திறந்து மூடினான். தலையைச் சாய்த்துக்கொண்டு மூன்றாம் தடவை.

ஜன்னல் வழியாக அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"என்னய்யா?"

"மேல் மூலையில ரப்பர் உட்காரல. வழுக்குது."

"என் காதுக்கு நல்லாத்தானே இருக்கு. வெளியில வெயில் அடிக்குது. மழையே கிடையாது. ஐம்பது அடி ஓட்டப் போற. அப்புறமா சரி பண்ணிக்கலாம்."

அவன் பலகைகளின் பக்கம் பார்த்தான். ஃபுமியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவன் காத்திருந்தது இந்த ஐம்பது அடிக்காகத்தான். இழுத்தால் அவள் முன்னால், ஊர் முன்னால், இடது கதவு இன்னும் ஒழுகுகிறது என்று அவனே ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்புறம் அவள் ஆயுசுக்கும் பஸ்தான்.

"ஒழுகுற கதவுன்னு தெரிஞ்சு அவள உட்கார வைக்க என்னால முடியாதுய்யா" என்றான். கை மேலே போனது. இழுத்துவிட்டான்.

வரிசை நின்றது. ஒலிபெருக்கியில் போன் நடன மெட்டு கிளம்பியது. கமதா ஓடி வந்தார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. வாயைத் திறந்தார், மூடினார், பல்லைக் கடித்துக்கொண்டு, "நன்றி" என்றார். அந்த நன்றியை யாருக்கும் சொல்லக் கூடாது.

வழுக்குகிறது என்றதுமே எனக்குப் புரிந்துபோயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வண்டியைச் சுற்றி அவன் பக்கம் போனேன்.

"இஸோகாய், மெழுகு. நான்தான் தேய்ச்சேன். மன்னிச்சுடு."

"வாசனையிலயே தெரிஞ்சுது. நீ மட்டும்தான் இவ்வளவு அப்புவ. நின்னு குனியாத, ஸ்பிரிட்டும் துணியும் எடு."

இரண்டு பேரும் மெழுகைத் துடைக்க ஆரம்பித்தோம். மெட்டு பாடிக்கொண்டே இருந்தது. வரிசை மறுபடி ஓடும்வரை அது நிற்காது. பிறகு பம்பு காலத்து அம்மாக்களில் ஒருத்தி, எழுபது வயது இருக்கும், தானாகவே எழுந்து நின்றாள். எங்கள் ஊரில் அந்த மெட்டு கேட்டால் கை சும்மா இருக்காது, அதுபாட்டுக்கு மேலே போய்விடும். வலது கை, இடது கை, ஒரு கைத்தட்டு, ஒரு அடி பின்னால். அடுத்தவள் எழுந்தாள். ஐந்து நிமிஷத்தில் சாவி கொடுக்கிற இடத்தைச் சுற்றி நூறு பேர் வட்டம் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், கோட்டும் டையுமாக, பட்டுக் கிமோனோவுமாக. பிள்ளைகள் "இஸோகாய் இழுத்துட்டாரு!" என்று கத்தினார்கள். சின்னவர் ஹயாசேயின் கையும் கைத்தட்டுக்குப் போனது. நூல் அந்தக் கையில் இருந்ததை அவர் மறந்துபோனார். பந்து பிளந்து, வண்டியே இல்லாத வெறும் தரையில் வண்ணக் காகிதம் கொட்டியது. அவர் தலையிலும் கொஞ்சம். அப்படியே ஆடினார். கமதாவும் ஆடினார். ஆடியபடியே என்னை முறைத்தார்.

ஆடாதவள் ஃபுமியே ஒருத்தி. கிமோனோவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்துக்கு நடுவே நேராக எங்களிடம் வந்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

இஸோகாய் நிமிரவே இல்லை. "மேல் மூலையில ரப்பர் சரியில்ல. இப்ப சரி பண்ணியாச்சு. ஆனா நீ ஏற வேணாம், ஃபுமியே. இத்தன வருஷம் கழிச்சு உன்ன மறுபடியும்..." துடைத்த மூலையையே மறுபடியும் துடைத்தான்.

அவள் கதவைப் பார்த்தாள். திறந்தாள், மூடினாள்.

"மத்த வண்டியெல்லாம் கடைசியில மழைக் கூடத்துக்குள்ள போகும்னு சொல்லுவீங்களே. இது போகலையா?"

எல்லா வண்டியும் போகும்தான். நாலு பக்கமும் குழாய்கள், இரண்டு நிமிஷம் பேய்மழை. இதற்கு மட்டும், பளபளப்புக் கெடக்கூடாது என்று விலக்குக் கொடுத்திருந்தார்கள்.

"விடச் சொல்லுங்க" என்றாள். "நான் உள்ள உட்கார்றேன்."

கமதா பதறிப்போய், "அம்மா, பட்டுத் துணிம்மா!" என்றார்.

"ஏற்கெனவே நனைஞ்ச பட்டுதான் கமதா-சான். விழாவ நிறுத்திட்டு இவர் சரி பண்ணின கதவு இது. இதுல ஏறாம வேற எதுல ஏறப்போறேன்?"

தலையில் காகிதத்தோடு சின்னவர் ஹயாசே வந்து, கேட்டு, இடுப்பு வரை குனிந்தார். அப்பா குனிந்த மாதிரியே. இஸோகாய் கையுறைகூடப் போடாமல் ஸ்பிரிட் வாசனையோடு ஏறினான். ஃபுமியே இடது பக்கம் ஏறி, கொக்குகளை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைத் தானே மூடினாள். தும்.

மழைக் கூடத்துக்குள் வண்டி போனது. கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் சுவராக விழுந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன், எந்தச் சாமியை என்று ஞாபகமில்லை.

வண்டி வெளியே வந்தது. இஸோகாய் சுற்றி ஓடி வந்து இடது கதவைத் திறந்தான். ஃபுமியே இறங்கவில்லை. கிமோனோ விளிம்பைத் தடவினாள். சீட்டைத் தடவினாள். மேல் மூலை ரப்பரை ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்தாள். பிறகு அந்த விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். காய்ந்திருந்தது.

"மூடுங்க" என்றாள். "வீட்டுக்குப் போலாம்."

"இது கம்பெனி வண்டிடி! காட்சிக்கு வைக்கப் போறாங்க!"

"நாளைக்கு வைக்கட்டும்" என்றார் சின்னவர்.

நான் அழுதேன். மெழுகு கண்ணில் பட்டுவிட்டது என்று கமதாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் ஃபுமியே இல்லை. தொழிற்சாலை வாசலில் இஸோகாயின் பழைய கார் வந்து நின்றது. அரிசி மூட்டை பின் சீட்டுக்குப் போயிருந்தது. இடது ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"சுசாகி-சான், ஒரு விஷயம்" என்று என்னைக் கூப்பிட்டாள் ஃபுமியே. "என் பக்கம் ரொம்ப நல்லா இருக்கு. இவர் பக்கத்துக் கதவுலதான் லேசா காத்து வருது. அது யார் மாட்டினது?"

அன்றைக்கு நான் மூன்று தடவை கயிற்றை இழுத்தேன்.