மாமனாரோடு பூநாரை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

பூநாரை ரோஸ் கலரில் இருக்கவே இருக்காது என்பது என் மாமனாரின் முடிவு. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். பழவேற்காட்டு ஏரி, தண்ணீருக்கு நடுவில் கும்பல் கும்பலாகப் பறவைகள், எல்லாம் பஞ்சுமிட்டாய் நிறம். மாமா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தார்.

"கலர் ஏத்திக்கிறானுங்க," என்றார். "அத்திப்பட்டுல முப்பது வருசத்துக்கு மேல வேலை பாத்தவன் நானு. அந்தப் பக்கம் எனக்குத் தெரியாததா? நான் பாத்ததெல்லாம் வெள்ளைக் கொக்குதான்."

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் பெல்ட்டில் அவருக்கு வேலை. அவர் சட்டையைத் துவைத்தே ஓய்ந்துபோன என் மாமியார் அடுக்களையிலிருந்து சொன்னார்: "நீ பாத்த கொக்கு கறுப்பாத்தான் இருந்திருக்கும்."

என் கணவர் குறுக்கே புகுந்து, ஞாயிற்றுக்கிழமை தானே இட்டுக்கினு போய் நேரில் காட்டுவதாகச் சொல்லி விஷயத்தை முடித்துவைத்தார். அந்த ஞாயிறு காலையில் அவர் வேலை செய்யும் ரோலிங் மில்லில் ஏதோ உடைந்துவிட்டது. போன் வந்தது, போய்விட்டார். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பேக்கிங் செக்ஷனில் இருக்கிறேன். ஞாயிறு என்றால் எனக்கு ஒரே திட்டம்தான், தூக்கம். ஆனால் பல் தேய்க்க வெளியே வந்தபோது, இஸ்திரி போட்ட சட்டையும் பேன்ட்டுமாக, மடியில் பையை வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். பைக்குள் அத்தை கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம், ஊறுகாய், தண்ணீர் பாட்டில், ஒரு குடை. மார்கழியில் எதற்குக் குடை என்று நான் கேட்கவில்லை.

அவரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. எங்களுக்குள் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், காபி வேண்டுமென்றால் டிவியைப் பார்த்துத்தான் கேட்பார். நானும் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

"நான் பஸ்ல போய்க்கிறேன்," என்று கதவைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த ரூட்டுல பஸ் எப்ப வரும்னு டிரைவருக்கே தெரியாது. வாங்க மாமா, ஸ்கூட்டில போவலாம்."

மருமகள் ஓட்ட மாமனார் பின்னால் உட்கார்ந்து போவதை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷை எடுக்க மறந்தார்கள். மாமா என் கணவரின் ஹெல்மெட்டை மாட்டியிருந்தார். அது அவருக்குப் பெரிது. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கண்ணாடி பட்டென்று முகத்தில் விழுந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் பையை எல்லைக்கல் மாதிரி வைத்து, பின்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். எதிரே லாரி வந்தால் "ம்" என்பார். கம்பி ஏற்றிய டிரெய்லர் வந்தால் "ம், ம்." தொழிற்பேட்டையைத் தாண்டும்வரை பின்னாலிருந்து இந்த ஒரு சத்தம்தான்.

பெரிய ரோட்டை விட்டுக் கிழக்கே திரும்பியதும் வண்டிகள் குறைந்தன. புகைபோக்கிகள் பின்னால் போயின. பனைமரங்கள் வந்தன, அப்புறம் காப்புக்காடு. எங்கள் பக்கத்துக் காடு அண்ணாந்து பார்க்கிற காடு இல்லை. களாவும் காரையும் சூரையும் நெருக்கியடித்து நிற்கும் முள்காடு. சென்னைக்காரர்கள் காரில் போகும்போது இதைக் காடு என்றே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் மழை பெய்து ஓய்ந்த மார்கழிக் காலையில் அதைப் பார்க்க வேண்டும். புதருக்குப் புதர் சிலந்தி வலை, வலை முழுக்கப் பனித்துளி. களா பூத்து, ஹெல்மெட்டுக்குள்ளேயே வாசனை வந்தது.

"வண்டி ஹீட்டாயிருக்கும். செத்த நிறுத்து," என்றார் மாமா.

வண்டி ஹீட்டாகவில்லை. எனக்குப் புரிந்தது, நிறுத்தினேன். அவர் ஒற்றையடிப் பாதையில் உள்ளே போனார். நான் நாகரிகமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். உள்ளே போய்த் தேடவும் முடியாது, தேடாமல் இருக்கவும் முடியாது. கடைசியில் ரோட்டைப் பார்த்தபடியே "மாமா" என்று கத்தினேன்.

"கத்தாத. மெதுவா வா, ஒண்ணு காட்றேன்," என்று குரல் வந்தது.

ஒரு நாவல் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, தாழ்ந்த கிளையையே பார்த்தபடி நின்றிருந்தார். செவ்வெறும்புகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒரு இலையின் ஓரத்தில் வரிசையாக நின்று, அடுத்த இலையை வாயால் கவ்வி இழுத்தன. எட்டாத இடத்தில் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கின. இரண்டு இலையும் ஒட்ட வந்ததும், வேறு சில எறும்புகள் வெள்ளைப் புழுக்களைத் தூக்கிவந்து, அவற்றின் வாயிலிருந்து வந்த நூலால் தைக்க ஆரம்பித்தன. ஊசி நூல் கொண்டு தைப்பது மாதிரியே இருந்தது.

"பெல்ட்டு அறுந்தா நாங்களும் இப்பிடித்தான் இழுப்போம்," என்றார் மாமா, கிசுகிசுப்பாக. "ஆனா நாங்க கத்துவோம். இதுங்க பாரு, ஒரு சத்தம் இல்ல. சூப்பர்வைசரும் இல்ல."

கல்யாணத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அது. நான் பதில் சொல்வதற்குள் அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. மரத்தில் ஊன்றிய கை வழியாகவும், தரையிலிருந்து பேன்ட் வழியாகவும் எறும்புகள் அவரைக் கண்டுபிடித்துவிட்டிருந்தன. தோளை உதறினார், காலை உதறினார், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து உதறினார்.

"திரும்பிக்கோமா, திரும்பிக்கோ."

திரும்பிக்கொண்டேன். அவர் ஒரு புதருக்குப் பின்னால் போய்ப் பேன்ட்டை அடித்து உதறும் சத்தம் கேட்டது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன், தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"சிரிக்கிறியா நீ?"

"இல்ல மாமா."

அப்புறம் புதருக்குப் பின்னாலிருந்து அவரே சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனிதருக்கு அப்படியொரு சிரிப்பு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. டீ ஆற்றுகிற மாதிரி மேலும் கீழும் போய்வந்தது. வண்டியில் ஏறும்போது பையை எடுத்து முன்கொக்கியில் மாட்டச் சொன்னார். அதற்கப்புறம் ஏரிக்கரை வரைக்கும் என் காதருகே ஓயாத பேச்சு.

ஏரியில் தூரத்தில் ஒரு நீண்ட கோடு தெரிந்தது. உற்றுப் பார்த்தால் கோடு முழுக்கப் பறவைகள். வெள்ளையாகத்தான் இருந்தன.

"வெள்ளை," என்றார் மாமா, திருப்தியாக. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்து, எலுமிச்சை சாதத்தைப் பிரித்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு அவை மேய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். அப்போது கரைப்பக்கமிருந்து ஒரு பருந்து தாழப் பறந்து அந்தக் கோட்டின் மேல் போனது.

கோடு ஒரு முனையிலிருந்து அவிழ்ந்தது. ஒவ்வொன்றாக, பிறகு பத்துப் பத்தாக, பிறகு மொத்தமாக மேலே எழுந்தன. இறக்கையை விரித்ததும்தான் தெரிந்தது, உள்ளே முழுக்கச் செம்பருத்திச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. தண்ணீரிலும் அதே நிறம் ஓடியது. வானத்தில் ஒரு சுற்று வளைந்தபோது கும்பல் முழுதும் வெளுத்து, மறுபடி சிவந்தது. அப்புறம் சற்றுத் தள்ளி இறங்கி, இறக்கையை மடக்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி வெள்ளைக் கோடாகிவிட்டன.

மாமா கையில் சோற்றோடு எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி எழுப்ப முடியுமா?" என்று கேட்டார்.

"வேணா மாமா. பாவம், சாப்புட்டுக்கினு இருக்குதுங்க."

"அதுவும் சரிதான்." உட்கார்ந்தார். கையிலிருந்த சோற்றை வாயில் போட மறந்து, அதைப் பார்த்தபடியே சொன்னார்: "ஷிப்டு முடிஞ்சா பஸ்ஸப் புடிக்கிற அவசரம். தலைய நிமித்தி மேல பாத்ததே கெடையாது."

ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினேன்.

வந்தது வந்தோம் என்று பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டிக் கடலுக்கும் போனோம். மணல்மேடு முழுக்க அடம்புக்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. நண்டுகள் எங்களைக் கண்டதும் பக்கவாட்டில் ஓடி ஒளிந்தன. மாமா பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒரு பெரிய அலை வந்தபோது சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அலை போன பிறகும் விடவில்லை. அடுத்ததற்குத் தயாராக இருக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: "இன்னா கலரு?"

"நின்னா வெள்ளை. பறந்தா ரோசு."

"அப்ப நீ சொன்னது தப்பு."

"நிக்கிறப்ப தப்பில்ல," என்றார் மாமா.

அதிலிருந்து எங்களுக்கு வேலை வந்துவிட்டது. தூறல் விட்டதும் பூண்டி ஏரி, வெயிலுக்கு முன்னால் பெரியபாளையம் பக்கம் ஆற்றங்கரை என்று ஞாயிறுகள் போகின்றன. என் கணவருக்கு லீவு கிடைத்த ஒரு நாளில், நான்கு பேரும் எண்ணூர்ப் பக்கம் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனோம். சேற்றில் தத்தி நடக்கும் மீன்களை மாமா ஒவ்வொன்றாக எல்லோருக்கும் காட்டினார். தண்ணீர் என்றால் நடுங்கும் அத்தை, படகு கிளம்பியதும் மூடிய கண்ணைக் கரைக்கு வந்த பிறகுதான் திறந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"காத்து நல்லா இருந்திச்சி," என்றார். "அடுத்த வாரமும் வரேன்."