அவர் கொடுக்காத கம்பளி

சாகக் கிடந்த ஒருவரின் கம்பளியை நான் பிடுங்கிக்கொண்டேன். பிறகு அதை அவரே கொடுத்ததாக ஊரெல்லாம் சொன்னேன்.

வடக்கே பனிமலைக் கோயிலுக்கு எங்களை ஏற்றிப்போன சிறிய விமானம், மேகத்துக்குள் நுழைந்து ஒரு சரிவில் மோதியது. மூச்சோடு மிஞ்சியது இரண்டு பேர். திண்டிவனத்தில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பித்த நான் ஒருவன். கால் ஒடிந்த திருவெண்ணெய்நல்லூர் கரும்பு விவசாயி இன்னொருவர். பனிமலைக்கு ஒரு பருத்தித் துண்டு போதும் என்று கிளம்பிய அறிவாளி நான். அவரிடம் கம்பளி இருந்தது.

"கிட்ட வாங்க சார், ஆளுக்குப் பாதி போத்திக்கலாம்" என்றார்.

ஒரு நாள் அப்படிக் கழிந்தது. மறுநாள் பனி கொட்டத் தொடங்கியதும் எனக்குப் பாதி போதவில்லை. முழுவதையும் இழுத்துக்கொண்டேன். மீட்க வந்தவர்கள் என்னை உயிரோடு தூக்கினார்கள். அவரையும் தூக்கினார்கள்.

ஊர் திரும்பினால் நான் வீரன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பாராட்டுக் கூட்டம். சித்திரை வெயிலில் பதினொரு பொன்னாடை. மேடைக்கு மேடை அவருடைய தியாகத்தை உருக்கமாகச் சொன்னேன். செத்தவரைப் புகழ்ந்தால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

முதல் வருட திதிக்கு அவர் வீட்டில் அழைத்தார்கள். அங்கும் பேசினேன். அவருடைய தங்கை முணுமுணுத்தாள்: "இருந்தப்ப வெத்தலையக்கூட கிள்ளித்தான் குடுக்கும் எங்கண்ணன். மலைக்குப் போனதும் தர்மப்பிரபு ஆயிடுச்சாக்கும்."

தாயில்லாத ஒரே மகள், அப்பா படத்துக்கு மாலை போடாமல் தள்ளியே நின்றாள். நான் பேசி முடித்ததும் வந்தாள்.

"நான் ஒருத்தி இங்க காத்துக்கினு இருந்தது அவருக்கு ஞாபகமே வரலியா சார்? யாரோ ஒருத்தருக்குக் கம்பளியக் குடுத்துட்டு சாவறாருன்னா, நான் எதுக்கு?"

என் புகழுரை செய்த வேலை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவரு குடுக்கலம்மா. நான்தான் புடுங்கிக்கினேன்."

"அப்பா வுட்டுட்டாரா?"

"வுடல. ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிருந்தாரு. 'பொண்ணு ஒண்டியா இருக்குது, நான் போயாவணும் சார்'னு கெஞ்சுனாரு."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வெகுநேரம் கழித்து எழுந்து, மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டாள்.

"இனிமே எந்த மேடையிலயும் எங்கப்பா பேச்ச எடுக்காதீங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

எனக்குப் போட்டிருந்த சாப்பாட்டு இலையை அத்தைக்காரி மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.