காபியில் வந்த கரித்துண்டு

எனக்குக் கோவையாக எழுத வராது. பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குமரியாக இருந்தபோது எங்கோ அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களாம். அதில் கிளம்பும் விஷ அயோடின் மழைத்தண்ணீரில் இறங்கும் என்று எங்கள் ஊர் வடகவுஞ்சி டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மலைப்பாதையில் கறிச்சோறு கொண்டுபோனால் பேய் அண்டாதிருக்க அடுப்புக்கரி வைப்பது எங்கள் வழக்கம். அம்மா அந்தக் கரியைக் குடிதண்ணீர்ப் பானையிலும் போட்டுவிட்டாள்.

"பேயே பயப்படுது, குண்டு எம்மாத்திரம்?" என்றாள்.

அந்த வாரமே பாச்சலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்குப் பிடித்த இடம். தட்டிப்போய்விடக் கூடாதே என்ற கவலையோடு, அந்தப் பானைத் தண்ணீரில் போட்ட காபியைக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார்.

"என்னங்க, எங்களப் பேயின்னு நெனச்சிட்டீகளா?"

நான் குனிந்தபடியே, "பேய்க்கு இல்லீங்க, அணுகுண்டுக்கு" என்றேன்.

வீடே சிரித்தது. அவர் கரியை மறுபடி டம்ளரில் போட்டு மிச்சக் காபியையும் குடித்தார்.

"வெரசா நாள் பாருங்க, சம்பந்தி!"

இப்போது அணு உலைத் தண்ணீரிலிருந்து அயோடினைப் பிடிக்கப் பக்குவப்படுத்திய கரி போடுகிறார்களாம். எங்கள் அடுப்புக்கரியும் பிடித்திருக்குமா? தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.