பதினொரு வீட்டு ஃபேன்

வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். எந்த வாசலில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் ‘சாப்பாடு எத்தனை வேளை’ என்ற கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெருக்களில் அவளைக் கணக்கக்கா என்பார்கள். செத்தாலும் பொய் எழுத மாட்டாள் என்று ஆபீசில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரை அவளே தொலைத்தாள். இதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அவளுடைய தங்கை பக்கத்து நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டுமே பணக்கார நாடுகள் இல்லை. அங்கே பஸ் வராது, இங்கே டாக்டர் வரமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துவிட்டால் அக்காளும் தங்கையும் இரண்டு நாட்டு மந்திரிகள் மாதிரிதான் பேசுவார்கள்.

“எங்க பக்கம் புதுசா பாலம் கட்டிட்டாங்கக்கா. உங்க ஊர்ல இன்னும் அந்த ஓட்டைப் பாலம்தானா?”

“பாலம் கிடக்கட்டும். உன் பொண்ணு ஸ்கூலுக்கு வாத்தியார் வந்துட்டாரா?”

சிரித்துக்கொண்டேதான் பேசுவார்கள். போனை வைத்த பிறகு அக்காளுக்கு அரை நாள் கடுகடுப்பு. புருஷன்காரன் சோறு கேட்கக்கூடப் பயப்படுவான்.

இந்த நேரம் பார்த்து, இரண்டு நாட்டு மக்களின் வாழ்க்கைத் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கெடுப்பு ஒன்று வந்தது. மேட்டுத் தெரு அவள் பங்குக்கு விழுந்தது. மொத்தம் பதினொரு வீடு. குழாய் கிடையாது, வாரம் மூன்று நாள் நகராட்சி லாரி வந்து இலவசமாகத் தண்ணீர் ஊற்றும்.

முதல் வீடு தையல்காரியுடையது. எதற்கு இந்தக் கணக்கு என்று யாராவது கேட்டால், ‘அரசாங்கம் கேட்குது’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். அதுதான் முறை. அன்றைக்கு அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

“நாம ஒசத்தியா, பக்கத்து நாடு ஒசத்தியான்னு பாக்கப் போறாங்க.”

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். “அவங்க முன்னாடி நாம கேவலப்படுறதா? நல்லா இருக்கே கதை!” என்றாள்.

அவள் மிஷின் பக்கத்தில் ஒரு பச்சை டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கக் கம்பி வலை கழன்றுபோனதால் சிவப்பு நாடாவால் கட்டியிருந்தாள். மின்விசிறி உண்டு என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள் கணக்கக்கா.

அங்கேயும் பச்சை ஃபேன், அதே சிவப்பு நாடா. மூன்றாவது வீட்டிலும் அதேதான். இவள் முன்வாசலில் கதவைத் தட்டும்போது அது பின்வாசல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆறாவது வீட்டுக்காரி மூச்சு வாங்கிக்கொண்டே கதவைத் திறந்தாள். ஒன்பதாவது வீட்டில் கரண்ட் இணைப்பே இல்லை. அங்கேயும் அது அலமாரி மேல் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

கண்ணால் பார்த்ததை எழுது, யாருடையது என்று கேட்காதே என்பது ஆபீஸ் விதி. அந்த விதியை வசதியாகப் பிடித்துக்கொண்டு பதினொரு ‘உண்டு’ எழுதினாள். ஒரு தடவைகூடக் கை தயங்கவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஃபேன் இருக்கிறதடி என்று மனசுக்குள் தங்கையிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே எழுதினாள்.

நான்கு மாதத்தில் முடிவு வந்தது. இவள் நாடு அரைப் புள்ளி முன்னால். ஞாயிறு வரும்வரை பொறுக்கவில்லை அவளுக்கு.

“என்னடி, யாரு ஒசத்தி?”

“நீங்கதான்க்கா, ஒத்துக்கறேன்.” தங்கைக்குச் சிரிப்பு. “தோத்ததும் நல்லதாப் போச்சு. கணக்கெடுத்தப்பவே எங்க பேட்டை ரொம்பப் பின்தங்கிக் கிடக்குன்னு தெரிஞ்சு, போன மாசமே வீட்டுக்கு வீடு குழாய் போட்டுட்டாங்க. உன்கூடப் பேசிட்டே பாத்திரம் கழுவுறேன். சத்தம் கேக்குதா?”

கேட்டது.

அடுத்த மாதம் ஆபீஸ் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அதே கணக்கெடுப்புப் படிவங்களை வைத்து, வசதி வந்துவிட்ட தெருக்களுக்கு நகராட்சி லாரியை நிறுத்தியிருந்தது. மேட்டுத் தெரு மூன்றாவதாக இருந்தது. பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்று இரண்டு வாரம் இருந்தும் பார்த்தாள். சோறு இறங்கவில்லை.

கடைசியில் போனாள். தையல்காரி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒன்றுமாக மேடு ஏறி வந்துகொண்டிருந்தாள். மிஷின் மேல் தைக்காத துணி குவிந்து கிடந்தது. “தண்ணி தூக்கித் தூக்கி விரல் மரத்துப் போகுதுக்கா. ஊசி கோக்க முடியல” என்றபடி ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

“லாரி நின்னது என்னாலதான்” என்றாள் கணக்கக்கா. “ஃபேன் ஒண்ணுதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்.”

“உங்களுக்குத் தெரியும்னு எங்களுக்கும் தெரியும்க்கா. நாடாவப் பாத்தீங்களே! எங்க மானம் போகக் கூடாதுன்னு கண்டும் காணாம போனீங்க. அந்த மனசு யாருக்கு வரும்? தப்பு எங்க மேல.”

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் தண்ணீரையும் சொல்லையும் சேர்த்து விழுங்கிவிட்டு இறங்கி வந்தாள்.

மறுநாள் திருத்தப் படிவம் வாங்கினாள். காரணம் என்ற இடத்தில், இரக்கப்பட்டு எழுதிவிட்டேன் என்று எழுதினாள். மேலதிகாரி நல்ல மனிதர். “இப்படியே குடுங்கம்மா, ஒரு எச்சரிக்கையோட போயிடும்” என்றார். அவளுக்கு ‘இரக்கப்பட்டு’ என்ற அந்த வார்த்தை பொறுக்கவில்லை. அதை அடித்துவிட்டு, ‘பக்கத்து நாட்டை முந்த வேண்டும் என்ற வீம்பில் தெரிந்தே பொய் எழுதினேன். மக்கள் மேல் தவறில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போனது. பன்னிரண்டாம் நாள் மேட்டுத் தெருவுக்கு லாரி வந்தது.

அதற்கு மறுநாள் தையல்காரி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வியர்த்துக் கொட்டியது. கையில் பச்சை ஃபேன்.

“எங்களுக்காக வேலையே போச்சாமே. தெருவே சேந்து குடுத்து விட்டுச்சு. மாட்டேன்னு சொல்லக் கூடாது, வச்சுக்கோங்கக்கா.”

தையல்காரி ஃபேனை வாசலில் இறக்கி வைத்தாள். வாங்கிக்கொண்டால் அந்தத் தெரு ஆயுசுக்கும் கணக்கக்காவைக் கும்பிடும்.

“உங்களுக்காக இல்லம்மா. உங்க மானத்தப் பத்தி நான் நினைக்கவே இல்ல. பக்கத்து நாட்டுல என் தங்கச்சி இருக்கா. அவகிட்ட ஜெயிக்கணும்னு எழுதினேன்.”

தையல்காரி அவளையே பார்த்தாள். தன் விரல்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து, வாசலில் வைத்த ஃபேனைத் தூக்கிக்கொண்டாள்.

“சரி, வரேன்” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.