பூவை நம்பிப் பார்த்த படம்

முதலமடையில் மாந்தோப்புகளைப் பூத்திருக்கும்போதே குத்தகைக்குப் பிடிக்கும் வியாபாரி அவர். ஒரு கண்றாவிச் சண்டைப்படத்தின் இரண்டாம் பாகத்தைத் தியேட்டரில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். பெரிய தொந்தி, அதன்மேல் கடலைப் பொட்டலம். மலைப்பாதை லாரிச் சண்டைக்கு மட்டும் கடலை உரிப்பதை நிறுத்தினார். மற்றபடி ஓயாத வசவு.

“போன படத்துல செத்த வில்லன் எப்படிங்க எந்திரிச்சு வந்தான்? ஹீரோ அத்தன பேர அடிக்கறான், சட்டைகூடக் கசங்குலீங்க. மொதப் பாகம் நல்ல பூவுங்க. அத நம்பி வந்தா, பிஞ்செல்லாம் கொட்டிப்போச்சு!”

கடைசியில் மூன்றாம் பாகத்தின் துணுக்கு ஒன்றைக் காட்டினார்கள். ரயில் கூரையில் நின்று ஹீரோ பீடி பற்றவைத்தான். முதல் விசில் என் பக்கத்து சீட்டிலிருந்துதான் வந்தது.

“என்னங்க இது?” என்றேன்.

“பூவப் பாத்தீங்கல்ல? இந்தத் தடவ தப்பாதுங்க.”

இவர் எப்படி இன்னும் வியாபாரத்தில் இருக்கிறார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.